ஃபாக் லைட் போட்டும் பாதை தெரியவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் இருக்கிறேன். வேலை விஷயமாக அடிக்கடி கோத்தகிரி போய்வர வேண்டியிருக்கிறது. என்னுடையது பழைய ஹேட்ச்பேக், கீழ் வேரியன்ட். கம்பெனி ஃபாக் லைட் கிடையாது என்பதால் ஆக்சஸரீஸ் கடை ஒன்றில் 55 வாட் ஹாலஜன் ஜோடி மாட்டினேன். இடது பக்கம் எப்போதும் மங்கலாகவே எரிகிறது. கொஞ்ச நேரம் எரிந்தால் சுவிட்ச் சுடுகிறது. இரண்டு முறை ஃபியூஸ் போனது. கடைக்காரர் 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு போகவில்லை. ஆனால் மலையில் மேகம் இறங்கிவிட்டால் லைட் போட்டாலும் எதிரே வெறும் வெள்ளையாகத்தான் தெரிகிறது. எல்இடி-க்கு மாறிவிடலாமா? இன்னொரு சந்தேகம்: மச்சான் காரில் பின்பக்க ஃபாக் லைட் வலதுபுறம் மட்டும் எரிகிறது. அதுவும் வயரிங் கோளாறுதானா?

பதில்: எல்இடி-யைப் பற்றி அப்புறம் பேசலாம். இதைப் படித்து முடித்ததும் பானட்டைத் திறந்து அந்த 30 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். சரிசெய்யும் வரை ஃபாக் லைட் இல்லாமலே ஓட்டுங்கள்.

ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பை இல்லை, வயரை. கடைகளில் ஜோடியோடு வரும் மெல்லிய வயர் தாங்கும் அளவுக்குமேல் கரன்ட் போனால், வயர் சூடாவதற்கு முன் ஃபியூஸ் உருக வேண்டும். நீங்கள் 30 போட்டிருப்பதால் இப்போது வயர்தான் முதலில் உருகும். அது பம்பருக்குள்ளும் டேஷ்போர்டுக்குள்ளும் பிளாஸ்டிக்கை ஒட்டியே ஓடுகிறது. “அதற்குப் பிறகு போகவில்லை” என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. கோளாறு அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஆளை மட்டும் வாயடைத்துவிட்டார்கள்.

10 ஆம்பியர் ஏன் போனது என்று பார்ப்போம். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் 9.2. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 12 வோல்ட் இருக்காது, 14-ஐ ஒட்டி நிற்கும். அப்போது இழுப்பு 10 ஆம்பியரைத் தொட்டுவிடும். ஹாலஜன் இழை குளிர்ந்திருக்கும்போது சுவிட்சைத் தட்டினால், அந்த ஒரு கணம் பல மடங்கு கரன்ட் பாயும். ஆகவே 10 ஆம்பியர் ஃபியூஸ் ஷார்ட் எதுவும் இல்லாமலே சில வாரங்களில் களைத்துப் போய்விடும். இந்த ஜோடிக்குச் சரியான ஃபியூஸ் 15 ஆம்பியர். ஆனால் அதைப் போட, அதற்கேற்ற வயர் வேண்டும்.

சுவிட்ச் சுடுவதற்கும் இதே கரன்ட்தான் காரணம். உங்கள் காரில் ரிலே (சுவிட்சின் சிறு கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி) இல்லை, அல்லது பேருக்கு ஒன்று தொங்குகிறது என்று நினைக்கிறேன். முழு 10 ஆம்பியரும் டேஷ்போர்டு வரை வந்து, விரல்நுனி அளவு சுவிட்ச் வழியாகத் திரும்பிப் போகிறது. ரிலே இருந்தால் சுவிட்ச் வழியாகப் போவது கால் ஆம்பியர்கூட இல்லை.

வயரிங்கை இப்படி மாற்றச் சொல்லுங்கள். ஆரம்பிக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு. 87 என்ற காலிலிருந்து இரண்டு விளக்குக்கும் தனித்தனியே 1.5 ஸ்கொயர் எம்எம் வயர். 85 பாடி எர்த்துக்கு. 86 சுவிட்சுக்கு. சுவிட்சுக்கு வரும் பாசிட்டிவை பார்க்கிங் லைட் வயரிலிருந்து எடுக்க வேண்டும், பேட்டரியிலிருந்து நேரடியாக வேண்டாம். அப்போதுதான் காரின் லைட்டை அணைத்ததும் ஃபாக் லைட்டும் அணையும். இல்லாவிட்டால் மறந்துபோய் எரிய விட்டுவிட்டுத் தூங்கப் போவீர்கள். சின்னக் கார்களில் இருக்கும் 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி நாலு மணி நேரம்கூடத் தாங்காது.

ரிலேயில் ஐந்து கால் இருந்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அவசரத்தில் விளக்கு வயரை அதில் செருகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது லைட் எரியும், ஆன் செய்தால் அணையும். நாலு கால் ரிலே வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

பின்னாளில் லைட் எரியாமல் போனால் முதலில் ரிலேயைக் காதால் கேளுங்கள். சுவிட்சைத் தட்டும்போது ‘டிக்’ என்ற சத்தம் வந்தும் லைட் இல்லை என்றால் ஃபியூஸ், 30, 87, விளக்கு எர்த் என்று அந்தப் பக்கம் போங்கள். சத்தமே இல்லையென்றால் சுவிட்ச், பார்க்கிங் லைட் ஃபியூஸ், 85-இன் எர்த். பாதி நேரம் இதிலேயே மிச்சமாகிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. சில மாடல்களில் மேல் வேரியன்டுக்கான ஹார்னஸையே (வயர்க்கட்டு) கீழ் வேரியன்டிலும் போட்டிருப்பார்கள். ஃபாக் லைட்டை மாட்டும் கப்ளர் (செருகும் முனை) டேப் சுற்றி பம்பருக்குள் சும்மா கிடக்கும். பழைய வயரைப் பிடுங்கும் முன் அதைத் தேடிப் பாருங்கள். இருந்தால் வயரை எங்கும் வெட்ட வேண்டியதில்லை. புதிய கார்களில் பாடி கன்ட்ரோல் மாட்யூலில் (லைட் போன்றவற்றை இயக்கும் கம்ப்யூட்டர்) செட்டிங் மாற்றினால்தான் அது வேலை செய்யும், அதற்கு சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். எந்த வழியானாலும், கம்பெனி வயரின் தோலைக் கிழித்து அதன்மேல் முறுக்கி டேப் ஒட்டும் வேலையை அனுமதிக்காதீர்கள். மலை ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் அது பச்சை பிடித்துவிடும். வாரன்டி உள்ள வண்டியாக இருந்தால் அதுவும் கேள்விக்குறியாகும்.

இடது பக்கம் மங்கலாக எரிவதற்கு வருவோம். இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடுங்கள். கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடியுங்கள். மங்கல் பல்போடு வலது பக்கம் போனால் பல்புதான் கோளாறு. இடதிலேயே நின்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். லைட் எரியும்போது ஒரு துண்டு வயரை எடுத்து, இடது விளக்கின் எர்த் முனையிலிருந்து நேராக பேட்டரி நெகட்டிவைத் தொட்டுப் பாருங்கள். ‘பளிச்’ என்று ஏறினால் விஷயம் முடிந்தது. மல்டிமீட்டர் இருந்தால் அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கலாம். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த்; ஒரு வோல்ட்டுக்குமேல் காட்டினால் அங்கேதான் வெளிச்சம் தொலைகிறது. ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். கடையில் பெரும்பாலும் பெயின்ட் மேலேயே லக்கை (எர்த் வயர் முனையில் உள்ள உலோக வளையம்) வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருப்பார்கள். அந்த இடத்தை உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, லக்கை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும்.

ஷார்ட் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 30 ஆம்பியர் அதை மறைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு விளக்கின் கப்ளரையும் கழற்றுங்கள். ஃபியூஸ் இடத்தில் ஃபியூஸுக்குப் பதிலாக 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு துண்டு வயரோடு சேர்த்து மாட்டி, சுவிட்சை ஆன் செய்யுங்கள். பல்பு எரியாவிட்டால் வயர் சுத்தம். எரிந்தால் வயர் எங்கோ பாடியில் பட்டிருக்கிறது. ஃபியூஸிலிருந்து தொடங்கி ஹார்னஸை ஒவ்வொரு அடியாக ஆட்டிக்கொண்டே போங்கள். பல்பு கண்ணடிக்கும் இடத்தில்தான் தோல் உரிந்திருக்கும். பெரும்பாலும் ரேடியேட்டர் சட்டத்தின் ஓரமாகவோ பம்பர் கிளிப்புக்கு அடியிலோ மாட்டும். இந்தப் பரிசோதனைக்கு ஒரு ஃபியூஸ்கூட வீணாகாது.

சரி, அந்த வெள்ளை. மூன்று காரணங்கள் இருக்கலாம். இரண்டை வீட்டுச் சுவரிலேயே கண்டுபிடித்துவிடலாம். இருட்டியதும் சமதளத்தில், சுவருக்கு 5 மீட்டர் தள்ளி காரை நிறுத்தி ஃபாக் லைட்டை மட்டும் பாருங்கள். அகலமாக விரிந்து, மேலே கோடு போட்டு வெட்டியதுபோல ஒளி முடிந்தால் அது ஃபாக் லைட். நடுவில் வட்டமாகக் குவிந்திருந்தால் உங்களுக்கு ஃபாக் லைட் என்ற பெயரில் ஸ்பாட் லைட்டை விற்றிருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட வேண்டியதுதான். கோடு மேலே இல்லாமல் கீழே தெரிந்தால் விளக்கைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். வட்ட விளக்குகளில் இது சகஜம். கண்ணாடியிலோ பின்மூடியிலோ ‘டாப்’ என்ற எழுத்து இருக்கும், அது மேலே வர வேண்டும்.

கோடு சரியாக இருந்தால் உயரத்தை அளங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவோ, அதைவிட 8 முதல் 10 சென்டிமீட்டர் கீழே சுவரில் அந்தக் கோடு விழ வேண்டும். அதற்குமேலே ஏறியிருந்தால் ஒளி உங்கள் கண்மட்டத்தில் இருக்கும் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். பனியில் பிரைட் போட்டால் ஒன்றும் தெரியாமல் போவதும் இதனால்தான். விளக்கின் பின்னாலோ அடியிலோ ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருப்பினால் ஒளி இறங்கும்.

இப்படி இறக்கினால் விளக்கு அரை மீட்டர் உயரத்தில் இருக்கும் காரில் ஒளி சுமார் 30 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். குறைவாகத் தோன்றும், ஆனால் ஃபாக் லைட்டின் வேலையே அவ்வளவுதான்: வெள்ளைக் கோடு, சாலையோரக் கல், வளைவின் விளிம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரமான சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால், சுதாரிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து 25 மீட்டருக்குள் நிற்கலாம். 60-இல் போனால் 45 மீட்டர் வேண்டும். இறக்கத்தில் இன்னும் கூடும். கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனைக்கு மேலே மேகத்துக்குள் 60-இல் இறங்குபவருக்கு எந்த விளக்கும் உதவாது.

மூன்றாவது காரணம் பனியே இல்லை, காரின் முன்கண்ணாடி. உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் பாதித் திரை விலகும்.

எல்இடி கேள்விக்கு என் பதில்: ஹாலஜன் கூட்டுக்குள் எல்இடி பல்பு மட்டும் மாற்றுவது வேண்டாம். விளக்குக்குள் ஒளியைத் திருப்பும் அந்தக் குழிவு, இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்இடி சில்லு அதே இடத்தில் அதே வடிவில் உட்காராது. மேலே உள்ள அந்த வெட்டுக்கோடு கலங்கி, ஒளி எதிரே வருபவர் கண்ணிலும் பனியிலும் சிதறும். வாங்குவதென்றால் எல்இடிக்காகவே செய்த முழு யூனிட்டாக வாங்குங்கள். ஜோடி 40 வாட் என்றால் நாலு ஆம்பியர்கூட இழுக்காது, 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கம்பெனி வயரில் மாட்டி அது துடித்தால் பழுது என்று பதறாதீர்கள். சில கார்களில் மாட்யூல் கரன்ட்டை விட்டுவிட்டு அனுப்பும், எல்இடி அதைக் காட்டிக்கொடுக்கும்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் மஞ்சள்தான் பனியைத் துளைக்கும் என்பார்கள். மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிக்கும். மஞ்சளில் நீலம் இல்லாததால் கண்ணுக்குக் கூச்சம் குறைவு, அவ்வளவே. பிரான்சில் 1993 வரை கார் ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள், பிறகு கைவிட்டார்கள். மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) பிடித்தால் போடுங்கள். நீலம் பாய்ந்த 6000-ஐ மட்டும் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஓட்டும்போது டிம்மும் ஃபாக் லைட்டும் சேர்ந்து எரியட்டும். முன்பக்கப் பகல் விளக்கு எரிகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், பல கார்களில் அப்போது பின்விளக்கு எரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு இண்டிகேட்டரையும் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? மேகம் விலகியதும் ஃபாக் லைட்டை அணையுங்கள்.

மச்சான் காரில் கோளாறு எதுவும் இல்லை. பின் ஃபாக் லைட் ஒன்றே ஒன்று போதும் என்பது விதி; இடதுபுறமாகச் செல்லும் நாடுகளில் அது வலது பக்கமோ நடுவிலோ இருக்க வேண்டும். பிரேக் லைட் அளவுக்குப் பிரகாசமானது என்பதால், ஒன்றாக இருந்தால் பின்னால் வருபவர் அதை பிரேக் என்று குழப்பிக்கொள்ள மாட்டார். இடது பக்கக் கூட்டில் பல்பே இருக்காது. அதற்கும் ஒரு பல்பு போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள்.