இன்ஜின் கோளாறுக்கு யாரிடம் முறையிடுவது?

கேள்வி: 9 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய புது கார் ஓயாமல் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. மூன்று முறை சர்வீஸ் சென்டரில் விட்டும் சரியாகவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் முதலில் ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதித் தரும் வேலைச் சீட்டுகளைப் பாருங்கள். 'ஆயில் குறைகிறது' என்ற உங்கள் புகார் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதித் தருவார்கள், கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அடுத்து டீலர், தயாரிப்பாளர் இருவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பதில் வராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இருவர் மீதும் புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வண்டியை நிபுணர் பரிசோதனைக்கு அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். தயாரிப்புக் குறை என்பதற்கு அந்த அறிக்கைதான் உயிர்.