பழைய கரிஸ்மா பைக்கை கஃபே ரேசராக மாற்ற நினைக்கிறேன். எவ்வளவு செலவாகும்? செய்யலாமா?

செலவை மட்டும் கேட்டிருந்தால் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கூடவே "2005 மாடல், அப்பா ஓட்டியது, ஷெட்டில் சும்மா நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதனால்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: கஃபே ரேசர் என்றால் தேவையில்லாததைக் கழற்றி, ஹேண்டிலைத் தாழ்த்தி, ஒற்றை சீட்டோடு நிற்கும் பைக். முதலில் கணக்கு. 2018-இல் நான் போட்ட திட்டம் 35,000 ரூபாய். முடிந்தபோது 92,000. அதைத் திரும்பப் பழையபடி ஆக்க இன்னொரு 31,000. இந்த மூன்றாவது எண்ணைத்தான் யூடியூப்பில் யாரும் சொல்வதில்லை.

என்னுடையது 2006 மாடல், மஞ்சள். தாய்மாமன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தபோது வாங்கியது. ஹீரோ ஹோண்டா கரிஸ்மா 2003-இல் வந்தபோது அது என்ன மாதிரி வண்டி என்று இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். தெருவெல்லாம் 100 சிசி வண்டிகள் ஓடிய காலத்தில் 223 சிசி, 17 குதிரைத்திறன், முன்னால் பாதி ஃபேரிங் (காற்றைக் கிழிக்கும் பிளாஸ்டிக் உறை). மாமா தெரு முனையில் திரும்பும்போதே நாங்கள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு ஓடுவோம். 2015-இல் அவருக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை வந்து வண்டியை என்னிடம் கொடுத்தார். "வித்துப்போட்டறாத மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

நான் விற்கவில்லை. அறுத்தேன்.

இதைப் படித்துவிட்டு "உனக்குச் செய்யத் தெரியவில்லை, அதற்காக எல்லாரையும் பயமுறுத்தாதே" என்று எழுத ரெடியாக இருப்பவர்களுக்கு: எனக்கு மாடிஃபிகேஷன் பிடிக்கும். நன்றாகச் செய்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்கள் வேலையைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். நான் சொல்வது என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகளுக்கு.

கரிஸ்மாவில் என்ன சிக்கல் என்றால், ஃபேரிங்கைக் கழற்றினால் உள்ளே அழகான வண்டி எதுவும் ஒளிந்திருக்காது. ஒயர் கொத்தும் பிராக்கெட்டும்தான் இருக்கும். மறைத்து வைக்கத்தான் பிளாஸ்டிக் போட்டார்கள், அப்புறம் எதற்கு உள்ளே அழகாக வைக்கப்போகிறார்கள்? கஃபே ரேசருக்கு டேங்கின் அடிக்கோடும் சீட்டின் அடிக்கோடும் ஒரே நேராக ஓட வேண்டும். ஸ்போர்ட்ஸ் வண்டியில் பின்பக்கச் சட்டம் (ஃப்ரேம்) மேல்நோக்கி ஏறும். அதை அறுத்து, கீழே இறக்கி, வளைந்த பைப் வைத்து ஒட்டினால்தான் அந்தக் கோடு வரும்.

கோவை கணபதியில் பம்பு பாகங்கள் கடையும் ஒரு சின்ன லேத் பட்டறையில் அதைச் செய்தேன். அந்த அண்ணன் பைப்புக்குள் மணலை இறுக்கி நிரப்பி, சூடு காட்டி, நசுங்காமல் வளைத்த அழகை இன்றைக்கும் மறக்க முடியாது. பின் ஷாக் அப்சார்பரின் மேல் முனை பொருந்தும் இடத்துக்கு முன்னால் ரம்பம் வைக்கவே கூடாது என்று சாக்பீஸில் கோடு போட்டுவிட்டார். அந்தக் கோட்டைத் தாண்டி அறுத்தால் உங்கள் எடை முழுவதும் புது வெல்டிங்கில்தான் நிற்கும். யாரிடம் கொடுத்தாலும் இந்த ஒரு கோட்டையாவது நீங்களே போட்டுக்கொடுங்கள்.

வெல்டிங்குக்கு முன்னால் "பேட்டரி, சிடிஐ எல்லாம் கழட்டியாச்சா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் "ஆச்சுண்ணா" என்றேன். பேட்டரியைக் கழற்றியிருந்தேன். சிடிஐ-யை, அதாவது பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டியை, கழற்றவில்லை. வெல்டிங் கரண்ட் வழி தேடிக்கொண்டு அதற்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்து எல்லாம் மாட்டி செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை. ஒன்றரை மாதம் காயில், பிளக், ஒயரிங் என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நண்பன் ஒருவன் தன் சிடிஐ-யைக் கழற்றி வந்து செருகினான். முதல் சுற்றிலேயே ஸ்டார்ட்.

இந்த ஒன்றரை மாதத்தில்தான் எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தோடு பகை ஆரம்பித்தது. என் பார்க்கிங்கில், நான் பணம் கட்டி வாங்கிய இடத்தில், அட்டை விரித்துப் போட்டு வேலை செய்தேன். இரண்டு சொட்டு ஆயில் சிந்தியது. அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டு 500 ரூபாய் அபராதம். போட்டோ எடுத்தவருடைய காரோ கவர் போட்டபடி மூன்று வருஷமாக நகராமல் விசிட்டர் பார்க்கிங்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது. டயர் நான்கும் தரையோடு ஒட்டிவிட்டன. அது அழுக்கில்லையாம், ஓடுகிற வண்டியின் ஆயில்தான் அழுக்காம். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் வேலை செய்ய இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஷெட் என்று சொல்கிறீர்கள், கொடுத்து வைத்தவர்.

அடுத்தது கார்புரேட்டர். சீட்டுக்குக் கீழே காலியாக, வெளிச்சம் தெரிகிற முக்கோணம் இருந்தால்தான் போட்டோவில் கஃபே ரேசர் மாதிரி இருக்கும். அதற்காக ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு, பந்து மாதிரி ஒரு திறந்த ஃபில்டரை மாட்டினேன். கரிஸ்மாவில் இருப்பது சிவி கார்புரேட்டர். உள்ளே இருக்கும் ஸ்லைடை ஆக்சிலரேட்டர் கேபிள் இழுப்பதில்லை. எஞ்சின் உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம்தான் ஒரு ரப்பர் டயாஃப்ரம் வழியாக அதைத் தூக்கும். அந்தப் பெட்டி தருகிற அடக்கமான காற்று இல்லையென்றால் ஸ்லைடு தடுமாறும். பெட்ரோலுக்குத் தேவையானதை விடக் காற்று அதிகமாகப் போகும். காலையில் சோக் இல்லாமல் எழுந்திருக்காது, நடு வேகத்தில் திணறும், கையை விட்டால் சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை இரண்டு அளவு ஏற்றினேன். மேல் வேகம் சரியானது, நடு வேகம் அப்படியே கிடந்தது. முதல் மழையில் ஃபில்டர் தண்ணீர் குடித்தது. நான்கு மாதம் கழித்துப் பழைய பெட்டியையே திரும்ப மாட்டினேன். வெளிச்சம் தெரிகிற முக்கோணம் போயே போச்சு.

பேட்டரியும் அதே கதைதான். சீட்டின் வாலுக்குள் ஒளித்துவைக்கலாம் என்று குட்டி பேட்டரி வாங்கினேன். கரிஸ்மாவுக்கு கிக்கர் கிடையாது. மார்கழிக் காலையில் அந்தக் குட்டி பேட்டரி கையை விரித்தால் தள்ளித்தான் ஆக வேண்டும். 150 கிலோ வண்டி. நீங்கள் தள்ளுங்கள், நான் வேடிக்கை பார்க்கிறேன்.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எல்இடி இண்டிகேட்டர் போட்டால் ஃப்ளாஷர் ரிலேயையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பல்பு ஃபியூஸ் போன மாதிரி படபடவென்று அடிக்கும். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளும்போது கியர் லிங்க்கைத் தலைகீழாக மாட்டினால் கியர் வரிசையும் தலைகீழாகும். நான் சிக்னலில் முதல் கியர் என்று நினைத்து நியூட்ரலில் உறுமியிருக்கிறேன். தாழ்வான கிளிப்-ஆன் ஹேண்டிலை முழுசாகத் திருப்பி, விரல் டேங்கில் நசுங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். பின் மட்கார்டை எடுத்துவிட்டால் மழையில் சட்டை முதுகில் சேறு நேர்கோடாக ஏறும், அம்மாவிடம் திட்டு நிச்சயம். சைலன்சர் பைப்பில் துணி நாடா சுற்றாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று துருப்பிடிக்கும்.

எல்லாம் முடிந்து சாம்பல் நிறத்தில் வண்டி நின்றபோது, பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. அம்மா கீழே இறங்கி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏங்கண்ணு, இதுல நான் எங்க உக்கார்றது?"

முதல் நீண்ட ஓட்டம் வால்பாறைக்கு. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் எல்லாரும் அணையைப் பார்த்துப் போட்டோ எடுப்பார்கள், நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தக் கஃபே ரேசர் சமாச்சாரம் லண்டனில், நார்த் சர்க்குலர் சாலையில் இருக்கும் ஏஸ் கஃபே போன்ற இடங்களில், 1960-களில் பையன்கள் வளர்த்தது. மணிக்கு 100 மைல் தொடுவது அவர்களுக்கு வெறி. அதற்காகத் தேவையில்லாததைக் கழற்றினார்கள், ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள், நார்ட்டன் சட்டத்தில் டிரையம்ஃப் எஞ்சினை ஏற்றி டிரைட்டன் என்றார்கள். எல்லாம் வேகத்துக்காக. நானோ காற்றைக் கிழிக்க ஃபேரிங்கோடு வந்த வண்டியில் அந்த ஃபேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, உருண்டை லைட் மாட்டி, 80-க்கு மேல் போனால் நெஞ்சில் காற்று அறைய, முன்பை விட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் சகித்துக்கொள்ளலாம். நிஜ அடி 2021-இல் விழுந்தது.

15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க, படிவம் 25 எழுதிக்கொண்டு ஆர்டிஓ அலுவலகம் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் கோபக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "கலர் மஞ்சள்னு இருக்கு. சீட்டிங் ரெண்டுன்னு இருக்கு. இன்னொருத்தர் எங்க உக்காருவாரு?" மூன்று வருஷம் முன்னால் அம்மா கேட்ட அதே கேள்வி.

அப்புறம் சேசிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். சட்டத்தை மணல் அடித்துச் சுத்தம் செய்து பவுடர் கோட்டிங் கொடுத்தபோது, நம்பர் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டி மறைக்கச் சொல்ல மறந்திருந்தேன். கழுத்துப் பகுதியில் வழவழவென்று அல்வா மாதிரி பெயின்ட். நான்கு எழுத்து தெரிகிறது, மீதி தடவினால்கூடத் தெரியவில்லை. சேசிஸ் நம்பர் தெரியாத வண்டி என்றால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெயின்ட் ரிமூவர் வைத்துப் பல் துலக்கும் பிரஷால் இரண்டு நாள் தேய்த்தேன். நல்லவேளை, எழுத்து ஆழமாக இருந்ததால் தப்பித்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்கு அப்புறம்தான் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த, ஆர்.சி.யில் பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நிறத்தை முறையாக விண்ணப்பித்து ஆர்.சி.யில் மாற்றிக்கொள்ளலாம். வண்டியின் ஃப்ரேமை அறுப்பதற்கு அப்படி வழி இல்லை. "ரோட்டில் எத்தனை வண்டி இப்படி ஓடுகிறது" என்று கேட்பீர்கள். ஓடுகிறது. இன்ஷூரன்ஸ் கேட்கப் போகும் நாளில் அந்த வண்டிகள் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வராது.

பழையபடி ஆக்கலாம் என்று மொட்டை மாடிக்கு ஏறினால், ஃபேரிங், சீட், பின் பேனல் எல்லாம் கட்டி வைத்திருந்த சாக்குப்பை இல்லை. அம்மா பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பேரீச்சம்பழம் வாங்கியிருக்கிறார். அதில் நானும் நான்கு தின்றிருக்கிறேன், எதற்குப் பதிலாக வந்தது என்று தெரியாமல்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்கு மூன்று நடை. கோவையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போய், கடை கடையாக ஏறி இறங்கி, சட்டத்தின் பின்பகுதி ஒரு கடையில், சீட் இன்னொரு கடையில், மட்கார்டு மூன்றாவது கடையில். பின்பகுதியை அதே கணபதி அண்ணன்தான் ஒட்டிக் கொடுத்தார். இந்தத் தடவை சிடிஐ-யைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மஞ்சள் பெயின்ட் அடித்து, ஆர்.சி. ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று.

இடையில், 2019 தீபாவளிக்கு, மாமா வந்தபோது வண்டி கஃபே ரேசராகத்தான் நின்றது. டேங்கைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் மாப்ள பண்ணிருக்க" என்றார். சாவியைக் கேட்கவில்லை. அதற்கு முன் எந்தத் தீபாவளிக்கும் ஒரு ரவுண்டு போகாமல் அவர் ஊருக்குக் கிளம்பியதில்லை.

உங்களுக்கு வருகிறேன். 2005 மாடல் என்றால் 15 வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆர்.சி. புதுப்பித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சும்மா நின்ற வண்டி என்பதால் கார்புரேட்டர் கிளீனிங், டைமிங் செயின், கிளட்ச் பிளேட், பிரேக், இரண்டு டயர் இவற்றுக்கே 20,000-க்கு மேல் ஆகும். அதைச் செய்து ஆறு மாதம் அப்படியே ஓட்டுங்கள். அப்புறமும் கை அரித்தால், போல்ட்டில் கழற்றி போல்ட்டில் மாட்டக்கூடிய மாற்றம் மட்டும் செய்யுங்கள், அதுவும் பழையதைத் திரும்ப மாட்ட முடிகிற மாதிரி. ரம்பம் வேண்டாம்.

இல்லை, அறுத்தே தீருவேன் என்றால் உங்கள் இஷ்டம், உங்கள் வண்டி. கழற்றும் பேனல்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். எனக்கு இடது பக்க ஃபேரிங் இன்னும் கிடைக்கவில்லை. மஞ்சளாக இருந்தால் நல்லது, கறுப்பாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.