பழைய சேணம் வாங்க, விற்க: கன்சைன்மென்ட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் ஒரு சேணம் சும்மா கிடக்கிறது. கன்சைன்மென்ட் கடையில் கொடுத்தால் உடனே பணம் கிடைக்குமா?

கிடைக்காது. பொருள் விற்கும் வரை அது உங்களுடையதுதான். கடைக்காரர் இடம் தருகிறார், வாடிக்கையாளரிடம் பேசுகிறார், விற்றதும் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார். சேணத்துக்குக் கமிஷன் பெரும்பாலும் 20 முதல் 35 சதவீதம். கடிவாளம், அங்கவடி, குதிரைக்குப் போர்த்தும் கம்பளி மாதிரி சின்னச் சாமான்களுக்கு 40, 50 வரை கேட்பார்கள். விலை குறைந்த பொருளாக இருந்தாலும் படம் எடுத்து, விலைச்சீட்டு ஒட்டி, பதிவு செய்யும் வேலை அதே அளவுதான் என்பதால் இந்த வித்தியாசம்.

விற்ற அன்றே பணம் கைக்கு வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். வாங்கியவர் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிந்த பிறகுதான் கடை உங்கள் கணக்கைத் தீர்க்கும். அவசரமாகப் பணம் தேவையென்றால் கடைக்கே மொத்தமாக விற்றுவிடலாம். ஆனால் கன்சைன்மென்டில் கையில் நிற்பதைவிட நன்றாகவே குறையும்.

கேள்வி: ஒப்பந்தத் தாளில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்?

நிறையப் பேர் கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் பணத்தைத் தின்பது விலைக்குறைப்பு விதி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: சேணத்துக்கு 1,000 என்று விலை, கமிஷன் 30 சதவீதம். முதல் மாதம் விற்றால் உங்களுக்கு 700. முப்பது நாளுக்கு ஒருமுறை 10 சதவீதம் தானாகக் குறையும் என்று தாளில் இருந்தால், மூன்றாம் மாதம் விலை 810, உங்கள் கைக்கு 567. அதில் கார்டு கட்டணம், சுத்தம் செய்த கூலி என்று கழித்தால் இன்னும் இறங்கும். அதனால் "இதற்குக் கீழே என்னைக் கேட்காமல் விற்கக் கூடாது" என்று ஒரு தொகையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது, கல்லாவில் நிற்பவர் மாறிக்கொண்டே இருப்பார்.

அடுத்தது காலக்கெடு. 90 நாள் என்பது பரவலான வழக்கம். கெடு முடிந்து இத்தனை நாளில் எடுத்துப் போகாவிட்டால் பொருள் கடைக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

தீப்பிடித்தாலோ திருடு போனாலோ யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். "உரிமையாளர் பொறுப்பில்" என்று இருந்தால் கடையின் காப்பீடு உங்கள் சேணத்துக்கு உதவாது. கடை நொடித்துப் போனால் கடன்காரர்கள் உள்ளே இருக்கும் சரக்கு முழுவதற்கும் உரிமை கொண்டாட வருவார்கள். அப்போது இது உங்களுடையது என்று காட்ட, சீரியல் எண்ணோடு கூடிய கன்சைன்மென்ட் ரசீதுதான் முதல் ஆதாரம். அந்த எண் இல்லாமல் "பிரவுன் சேணம் 1" என்று எழுதிய ரசீதை வாங்காதீர்கள்.

கேள்வி: கொடுப்பதற்கு முன் தோலை எப்படித் தயார் செய்வது அண்ணா? எண்ணெய் நிறைய விட்டால் பளபளப்பாகத்தானே இருக்கும்?

எண்ணெயை விடாதீர்கள். தோலுக்குப் பூசும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் அதைக் கறுப்பாக்கும், அளவு மீறினால் தொளதொளவென்று ஆக்கும். வாங்க வந்தவரின் வெள்ளைக் காற்சட்டையில் கறையும் பிடிக்கும். அனுபவமுள்ளவர்கள் புதிதாக எண்ணெய் பூசிய சேணத்தைப் பார்த்தாலே எந்த வெடிப்பை மறைக்கப் பூசியது என்றுதான் தேடுவார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வார், அங்கவடி, குதிரை வயிற்றைச் சுற்றிக் கட்டும் கச்சை எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அழுக்கைத் துடைத்தெடுங்கள். கச்சை மாட்டும் வார்களின் அடியிலும் பக்கத்தோலுக்குக் கீழேயும் வியர்வை உப்பு கறுப்புக் கட்டியாக ஒட்டியிருக்கும். அதை நகத்தால் தள்ளினாலே வந்துவிடும், கத்தி வேண்டாம். பிறகு கிளிசரின் சேணச் சோப்பை நுரை வராத அளவு ஈரத்தில் தேயுங்கள். நிழலில் உலரட்டும். ஹீட்டர் பக்கத்திலோ வெயிலிலோ வைத்தால் தோல் விறைத்துவிடும். கடைசியாக மெல்லிய பூச்சாகத் தோல் பால்சம், அதுவும் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பு.

கேள்வி: அலமாரியில் இருந்த சேணத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

இரண்டில் ஒன்று. ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் அது தோலில் இருந்த கொழுப்பும் மெழுகும் மேலே வந்தது, துணியால் துடைத்தால் போதும். மறையாமல் பஞ்சு மாதிரி நின்று, ஈரவாடையும் அடித்தால் பூஞ்சை. அதை வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள், விதை மற்றச் சாமான்களுக்குப் பரவும். வெளியே துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு, தோலுக்கென்று விற்கும் பூஞ்சைநாசினி போடுங்கள்.

தேய்த்தால் செம்மண் மாதிரிப் பொடி கையில் ஒட்டுகிறது என்றால் விஷயம் வேறு. அது ரெட் ராட், தோலின் நார்களே சிதைந்துவிட்டன. அதைப் பழையபடி ஆக்க முடியாது. சவாரிக்கு விற்காதீர்கள்.

கேள்வி: கடைக்காரர் அளவு கேட்கிறார். எங்கிருந்து எங்கே அளப்பது?

கொம்பில்லாத இங்கிலீஷ் சேணத்தில் முன்மேட்டின் (இருக்கைக்கு முன்னால் உயரும் பகுதி) பக்கவாட்டில் இருக்கும் ஆணித்தலையிலிருந்து, பின்மேட்டின் (பின்னால் உயரும் பகுதி) நடு உச்சி வரை நேர்க்கோட்டில் டேப்பைப் பிடியுங்கள். 17, 17.5 அங்குலம் என்று வரும். முன்னால் கொம்பு நீட்டியிருக்கும் வெஸ்டர்ன் சேணத்தில் அந்தக் கொம்பின் அடியிலிருந்து பின்மேட்டு உச்சியின் உள்விளிம்பு வரை. ஒரே ஆளுக்கு வெஸ்டர்ன் அளவு சுமார் 2 அங்குலம் குறைவாக வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

குதிரைக்கான அகலம்தான் தகராறு. மீடியம், வைட் என்ற பெயர்கள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. முத்திரையில் இருப்பதை அப்படியே எழுதி, கூடவே அளந்த எண்ணையும் எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மாற்றக்கூடிய கல்லெட் தகடு (முன்மேட்டுக்குள் இருந்து அகலத்தைத் தீர்மானிப்பது) உள்ள வின்டெக் நிறுவனச் சேணம் மாதிரி என்றால் இப்போது உள்ளே எந்த நிறத் தகடு என்று பாருங்கள். மஞ்சள் மிகக் குறுகல், கறுப்பு மீடியம், சிவப்பு வைட். மற்றத் தகடுகள் கைவசம் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள், சீக்கிரம் விற்கும்.

கேள்வி: இனி வாங்குபவர் பக்கம். உள்ளே சட்டம் உடைந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் முக்கியமான கேள்வி. தோல் எவ்வளவு அழகாக இருந்தாலும், ட்ரீ என்கிற உள்சட்டம் போயிருந்தால் சேணம் குப்பை. சரிசெய்ய ஆகும் செலவுக்கு வேறொரு பழைய சேணமே வந்துவிடும்.

முன்மேட்டைத் தொடையில் அணைத்து வைத்து, பின்மேட்டை இரண்டு கையாலும் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். ஸ்பிரிங் ட்ரீ (வளைந்து கொடுக்கும்படி செய்த சட்டம்) என்றால் லேசாக, இரண்டு பக்கமும் சமமாக வளைந்து, விட்டதும் திரும்பும். இருக்கைத் தோலில் குறுக்கே ஆழமான மடிப்பு விழுந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் இறங்கித் திருகினாலோ உடைந்திருக்கிறது. அடுத்து, முன்மேட்டின் கீழே இரண்டு பக்கமும் இறங்கும் கால்களைப் பிடித்து உள்ளே அழுத்தி, வெளியே விரித்துப் பாருங்கள். அங்கே அசைவே கூடாது. 'க்ளிக்' என்று ஒரு சத்தமோ, மூட்டுப் போல ஓர் அசைவோ தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சத்தம் மட்டும் சாட்சியாகாது. புதுத்தோலும் காய்ந்த தோலும் கூடக் கிறீச்சிடும். அசைவும் சத்தமும் சேர்ந்து வந்தால்தான் பயம். விலை அதிகமான சேணத்தில் சந்தேகம் தீராவிட்டால் எக்ஸ்ரே எடுக்கலாம், கால்நடை மருத்துவர்கள் செய்து தருவார்கள்.

வெஸ்டர்னில் ட்ரீ வளையவே கூடாது. கொம்பையும் பின்மேட்டையும் பிடித்து ஒன்றையொன்று நோக்கி நெருக்குங்கள். இருக்கை மடிந்தாலோ கொம்பு ஆடினாலோ வேண்டாம்.

சட்டம் முறுக்கியிருக்கிறதா என்பதைப் பின்னாலிருந்து, கண்ணை முன்மேட்டு உயரத்துக்கு இறக்கிப் பார்த்தால் தெரியும். அடியில் ஓடும் நடுச்சந்து நேராக இருக்க வேண்டும், அங்கவடி மாட்டும் இரும்புகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: ட்ரீ நன்றாக இருக்கிறது, மற்றதெல்லாம் சுமார். எது செலவு வைக்கும்?

அடிமெத்தைக்குள் அடைத்திருக்கும் கம்பளி ரோமம் கட்டிகட்டியாக இருந்தால் மறுபடி அடைக்க வேண்டும். உள்ளங்கையை அழுத்தி நகர்த்தினால் தெரியும். அது செய்யக்கூடிய வேலை, விலையில் பேசிக் கழித்துக்கொள்ளுங்கள். ஃபோம் மெத்தை இறுகிவிட்டால் இப்படி நிரப்ப முடியாது, மெத்தையையே மாற்ற வேண்டி வரும்.

கச்சை மாட்டும் வார்களில் துளைகள் வட்டமாக இருக்க வேண்டும். நீள்வட்டமாகி, துளையிலிருந்து கீறல் கிளம்பியிருந்தால் புதிது போட வேண்டும். வார் பட்டையோடு சேரும் தையலை நகத்தால் நெம்புங்கள், நூல் அறுந்தால் ஏறவே ஏறாதீர்கள். பாதி ஓட்டத்தில் இது விட்டால் சேணம் புரண்டு ஆளைக் கீழே தள்ளும்.

அங்கவடி வார்கள் இரண்டையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுத் துளைகளை ஒப்பிடுங்கள். இடதுபக்கம் காலை வைத்து ஏறுவதால் இடது வார் நீண்டிருக்கும். சின்ன வித்தியாசம் சகஜம். ஒரு துளை அளவுக்கு விலகியிருந்தால் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: கடிவாளம், பிட் (குதிரை வாயில் வைக்கும் கம்பி) வாங்கலாமா?

தாராளமாக. கடிவாளத்தில் பிட் வளையம் படும் மடிப்பையும் கொக்கி படும் மடிப்பையும் கழற்றி விரித்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு வாரிலும் உள்ள அளவு முத்திரையைப் படியுங்கள். கன்னவார் காப் (சின்ன அளவு), தலைவார் ஃபுல் (பெரிய அளவு) என்று இரண்டு மூன்று செட்டைக் கலந்து கட்டியிருப்பார்கள்.

பிட்டில் விரலை ஓட்டுங்கள். நடு மூட்டு தேய்ந்து கூரானால் நாக்கைக் கிழிக்கும். வளையம் ஓடும் துளை பெரிதாகியிருந்தால் வாயோரத் தோலைக் கவ்வும். முலாம் உரிந்த பிட்டும், பல்தடம் விழுந்த ரப்பர் பிட்டும் வேண்டாம்.

கேள்வி: ஹெல்மெட் பாதி விலைக்குக் கிடைக்கிறது...

வேண்டாம். ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டில் உள்நுரை நசுங்கியிருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. ஒழுங்கான கடைகள் இதை எடுப்பதே இல்லை.

கேள்வி: பழைய கம்பளி, கச்சையோடு நோய் வருமா?

வரும். படர்தாமரைப் பூஞ்சையின் விதைகள் துணியிலும் தோலிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குதிரையின் தொண்டையில் சீழ்க்கட்டி வரவைக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் மாதிரியான தொற்றுகள் பிட், வாளி வழியாகவும் போகும். வாங்கியதும் லாயத்தில் மற்றச் சாமான்களோடு தொங்கவிடாதீர்கள். முதலில் சோப்பில் அழுக்கை எடுத்து, பிறகு கிருமிநாசினி போடுங்கள். அழுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது. துணிக்கும் பிட்டுக்கும் இது எளிது. தோலுக்கு பிளீச் கூடாது, தோலுக்கேற்ற பூஞ்சைநாசினிதான்.

விற்பவர்களுக்கும் இதில் ஒன்று: துவைக்காத கம்பளியைக் கடை வாங்காது. மழைக்கம்பளியைச் சாதாரண டிடர்ஜென்டில் போட்டால் நீர்புகாத் தன்மை கெடும், அதற்கென்று உள்ள திரவத்தில் துவையுங்கள். குளிருக்கு முன்பே கொடுங்கள், வசந்தத்தில் கொண்டுபோனால் அடுத்த குளிர் வரை தூங்கும்.

கேள்வி: டிரையலுக்கு (வாங்குமுன் குதிரையில் போட்டுப் பார்க்க) எடுத்துப் போனால் என்ன செய்ய வேண்டும்? ஏதாவது ஆனால் முழுப்பணமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பொதுவாக 3 முதல் 7 நாள், முழு விலையும் முன்பணம். கடையில் வைத்தே நான்கு பக்கமும், அடியிலும் படம் எடுங்கள், இருக்கிற கீறல்களைக் கடைக்காரரிடம் காட்டி ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அங்கவடிகளுக்குப் பழைய சாக்ஸ் மாட்டிவிட்டால் பக்கத்தோலில் தடம் விழாது. சேணத்துக்கடியில் சுத்தமான மெல்லிய துணி.

ஏறும் முன் வெறும் முதுகில் வைத்துப் பாருங்கள். முதுகுமேட்டுக்கும் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் உயர்ந்த இடம்) சேணத்துக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் போக வேண்டும். ஏறிய பிறகும் இரண்டு விரலாவது மிஞ்ச வேண்டும். மெத்தைக்குக் கீழே முன்னிருந்து பின்வரை கையை விடுங்கள், நடுவில் மட்டும் கை தாராளமாக நுழைந்தால் முன்னும் பின்னும் மட்டுமே எடை விழுகிறது என்று அர்த்தம். சேணத்தின் எடை தாங்கும் பகுதி கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. இவற்றில் எதுவும் சரியில்லையென்றால் ஏறாமலே திருப்பிக் கொடுங்கள், புதுக்கீறல் விழ வாய்ப்பே இல்லை.

கேள்வி: மூன்று மாதமாக விற்கவில்லை. விலையைக் குறைக்கவா, எடுத்துவிடவா?

முதலில் யாராவது டிரையலுக்கு எடுத்தார்களா என்று கடையில் கேளுங்கள். எடுத்து எடுத்துத் திருப்பியிருந்தால் விலை பிரச்சினையில்லை, அகலமோ மெத்தையோ பிரச்சினை. சீட்டில் அகலம் தவறாக எழுதியிருக்கலாம். யாருமே தொடவில்லை என்றால்தான் விலை. மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து உங்கள் விலையை வைக்காதீர்கள், என்ன விலைக்குப் *போனது* என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நல்ல நிலையிலுள்ள தோல் சேணத்துக்குப் புது விலையில் பாதி என்று தொடங்குவது நியாயம். சிந்தெடிக் அதைவிடச் சீக்கிரம் இறங்கும்.

கேள்வி: தூரத்துக் கடைக்கு அனுப்ப வேண்டும். எப்படிக் கட்டுவது?

அங்கவடி, வார்களைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். முன்மேட்டுக்கடியிலுள்ள வெற்றிடத்தைச் சுருட்டிய துண்டால் நிரப்புங்கள், பெட்டி மேல் இன்னொரு பெட்டி விழுந்தால் அங்கேதான் ட்ரீ உடையும். பக்கத்தோல்கள் மடங்காத அளவுக்குப் பெட்டி அகலமாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் நேரடியாகச் சுற்றினால் வியர்க்கும், துணியோ காகிதமோ முதலில். குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. காப்பீட்டுத் தொகை நீங்கள் ஒப்புக்கொண்ட கீழ்விலைக்குக் குறையாமல் இருக்கட்டும், சீரியல் எண் தெரிகிற படம் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.