லினக்ஸ்ல சிடி தானா மவுன்ட் ஆகுது (அதாவது ஒரு ஃபோல்டரா வந்து சேருது), ஆனா பட்டன அமுக்குனா வெளிய வரல, ஏன்?

டிரைவ் கெட்டுப்போகலங்க. டிஸ்க் உள்ள போனதும் யூடெவ்ங்கிற, டிவைஸ்கள கவனிக்கிற புரோகிராம் கண்டுபிடிச்சு சொல்லும், டெஸ்க்டாப் உடனே யூடிஸ்க்ஸ்ங்கிற டிஸ்க் சர்வீஸ வச்சு மவுன்ட் பண்ணிடும், மவுன்ட்ல இருக்குற வரைக்கும் கர்னல் (லினக்ஸோட மையப்பகுதி) டிரைவ் கதவ பூட்டி வச்சிருக்கும், அதான் பட்டனுக்கு மசிய மாட்டேங்குது. டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற விண்டோ) எஜெக்ட்னு (eject) அடிங்க, அன்மவுன்ட் பண்ணிட்டு வெளிய தள்ளிரும். பிஸின்னு சொன்னா ஏதோ ஒரு புரோகிராம் அந்த சிடி ஃபோல்டர்ல உக்காந்திருக்கு, பாதி நேரம் நீங்க தொறந்து வச்ச டெர்மினலேதான் (கும்பகோணத்துல மாமா வீட்டு கல்யாண சிடிய காப்பி பண்றப்ப இதுக்கே ஒரு மணி நேரம் முழிச்சேன், நடுவுல கரண்ட் வேற போச்சு).

கரண்ட் இல்லன்னா முன்பக்கம் இருக்குற குட்டி ஓட்டைல பேப்பர் கிளிப்ப நீட்டி குத்துங்க, ட்ரே வந்துடும். திரும்ப உள்ள போக எஜெக்ட் மைனஸ் டி (eject -t), லேப்டாப் டிரைவ்னா கையாலதான் தள்ளணும்.