காலையில் பைத்தான், மதியம் ஜாவா: தடுமாறினால் மறதி நோயா?

கேள்வி: எனக்கு 36 வயது. சொந்த ஊர் தாளவாடி. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். சின்ன வயதிலிருந்து இரண்டிலும் தடுமாறியதே இல்லை. சரவணம்பட்டியில் ஐடி வேலை. பத்து வருடமாக ஜாவா என்ற கணினி மொழியில் கோடு (நிரல்) எழுதுகிறேன். போன வருடத்திலிருந்து பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னும் இரண்டு கணினி மொழிகளும் சேர்ந்துகொண்டன. ஒரே நாளில் மூன்றுக்கும் மாறி மாறிப் போகவேண்டியிருக்கிறது. இப்போது நன்றாகத் தெரிந்த ஜாவாவிலேயே தப்பு விடுகிறேன். யாராவது சுட்டிக்காட்டினால் உடனே புரிந்துவிடுகிறது. அம்மாவைப் பெற்ற அஜ்ஜிக்கு எழுபது வயதுக்கு மேல் மறதி நோய் வந்தது. எனக்கும் ஆரம்பிக்கிறதோ? எம்ஆர்ஐ எடுக்கவேண்டுமா? நான் சைவம். இரண்டு வருடமாகத் தினமும் கேஸ் மாத்திரை சாப்பிடுகிறேன். இரவு பதினொன்று வரை ஆபீஸ் ஃபோன் கால் இருக்கும்.

பதில்: முதலில் பயத்தை விடுங்கள் அம்மணி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது மறதி நோய் மாதிரி தெரியவில்லை. அந்த நோயில் தெரிந்த விஷயம் கைவிட்டுப் போகும். சுட்டிக்காட்டினாலும் பல நேரம் பிடிபடாது. உங்களுக்கு எல்லாமே நினைவில் இருக்கிறது. இரண்டு மொழிகளின் விதிகளும் ஒன்றாக எழுந்து வருகின்றன, சில நேரம் தப்பானது முந்திக்கொள்கிறது. அஜ்ஜிக்கு எழுபதுக்கு மேல் வந்ததை வைத்து 36 வயதில் நீங்கள் கலங்க வேண்டாம். எம்ஆர்ஐயும் இப்போது தேவையில்லை.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மூளை தாமதிப்பதை ஜெர்சில்ட் என்ற உளவியலாளர் 1927இலேயே அளந்து காட்டினார். 1995இல் ரோஜர்ஸ், மான்செல் என்ற இருவர் இன்னொன்றைக் கண்டார்கள்: மாறுவதற்கு முன்பு தயாராக நேரம் கொடுத்தாலும் அந்தத் தாமதம் குறைகிறதே தவிர முழுக்கப் போவதில்லை. அதனால் 'நான் கவனமாக இல்லை' என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். முந்தைய வேலையின் விதிகள் கொஞ்ச நேரம் விழித்தபடியே இருக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை அவற்றை அடக்கிவைத்துத்தான் புதிய வேலைக்கு இடம் கொடுக்கிறது.

நன்றாகத் தெரிந்த ஜாவாவில் ஏன் தப்பு வருகிறது என்பதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது. 1999இல் மியூட்டர், ஆல்போர்ட் என்ற ஆய்வாளர்கள் இருமொழிக்காரர்களை எண்களின் பெயரைச் சொல்லவைத்தார்கள். பழக்கம் குறைந்த மொழியிலிருந்து பலமான மொழிக்குத் திரும்பும்போதுதான் அதிக நேரம் பிடித்தது. பலமான மொழி தானாகவே மேலெழும் என்பதால், மற்றதைப் பேசும்போது அதை அழுத்தி அடக்கவேண்டியிருக்கிறது. அந்த அழுத்தம் விலகச் சற்று நேரமாகும் என்பது அவர்களின் விளக்கம். பைத்தானிலிருந்து ஜாவாவுக்குத் திரும்பியதும் நீங்கள் சறுக்குவதும் அதே சாயலில்தான் இருக்கிறது.

அப்படியானால் கன்னடமும் தமிழும் ஏன் மோதவில்லை? அவை குழந்தைப் பருவத்திலேயே வேரூன்றியவை. தவிர, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகமும் இடமும் இருக்கின்றன. அஜ்ஜியைப் பார்த்தாலே கன்னடம் வந்துவிடும், பஸ் கண்டக்டரிடம் தமிழ். கணினிக் கோடுக்கு அப்படி எதுவும் இல்லை: அதே நாற்காலி, அதே திரை, அதே கீபோர்டு. இன்னொரு வித்தியாசமும் உண்டு. பைத்தான் கோடைப் படிப்பவர்களின் மூளையை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பேச்சுமொழிக்கான பகுதிகளில் பெரிய அசைவு இல்லை. கணக்கு, புதிர் போன்ற கடினமான வேலைகளுக்குப் பொதுவாக உதவும் பகுதிகள்தான் சுறுசுறுப்பாக இருந்தன. மீட்டிங், மெசேஜ் என்று எதற்கு மண்டையை உடைத்துக்கொண்டாலும் சுமை விழுவது பெரும்பாலும் அதே பகுதிகளில்தான்.

என்னிடம் வருகிற ஐடி பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு ஒன்று தெரிந்துகொண்டேன். ஜாவாவில் அரைப்புள்ளி விட்டுப்போனால் கோடைச் சரிபார்க்கும் கம்பைலர் மென்பொருளே கத்திவிடும், அதில் ஆபத்தில்லை. பார்க்க ஒன்றாக இருந்து பொருள் மாறுபவைதான் கழுத்தறுக்கின்றன. இரண்டு சாய்கோடு போட்டால் பைத்தானில் வகுத்தல், ஜாவாவில் அது வெறும் குறிப்பு. இரட்டைச் சமக்குறி பைத்தானில் இரண்டு சொற்களின் எழுத்துகளை ஒப்பிடும். ஜாவாவில் இரண்டும் கணினி நினைவகத்தில் ஒரே இடத்தில் இருப்பவைதானா என்றுதான் பார்க்கும். காலிப் பட்டியலைப் பைத்தான் பொய் என்று எடுத்துக்கொள்ளும், ஜாவாஸ்கிரிப்ட் மெய் என்று எடுத்துக்கொள்ளும். இப்படி உங்களைச் சறுக்கவைக்கிற இடங்களை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பெரிய பட்டியலாக இருக்காது.

ஒரு மொழிக்கு அரை நாள் என்று பிரித்துத் தரமுடியுமா என்று டீம் லீடிடம் கேளுங்கள், டாக்டர் சொன்னார் என்றே சொல்லலாம். ஒன்றை விட்டு எழும்போது அடுத்து என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்துவிடுங்கள். பாதியில் விட்ட வேலை மனதைப் பிடித்து இழுக்காது. ஜாவாவுக்குத் திரும்பியதும் எழுத ஆரம்பிக்காமல், உங்கள் பழைய ஜாவா கோடைச் சில நிமிடம் படியுங்கள். மொழிக்கு ஒரு திரை நிறம் வைத்துக்கொள்வதும் நல்லது.

மருத்துவராக என்னை உண்மையில் யோசிக்கவைத்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள்தான். சைவம், இரண்டு வருடம் தினமும் கேஸ் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் வைட்டமின் பி12 குறைய நல்ல வாய்ப்பிருக்கிறது. அது குறைந்தால் சோர்வு, கை கால் மரத்துப்போதல், கவனக்குறைவு எல்லாம் வரும். பி12, ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ஆகிய மூன்றையும் பாருங்கள். கோவையில் எந்த லேபிலும் செய்துவிடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். ஃபோன் கால் இரவு பதினொன்றுக்கு முடிந்து காலையில் சீக்கிரம் எழுகிறீர்களா? அப்படியென்றால் தூக்கத்தைத்தான் முதலில் சரிசெய்யவேண்டும். ஞாபகசக்தி டானிக் எதுவும் வாங்காதீர்கள்.

பேச்சில் சாதாரணப் பொருள்களின் பெயரே வராமல் போவது, பழகிய வழியில் திசை தெரியாமல் நிற்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது என்று வீட்டார் கவனித்துச் சொன்னால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று வாய் குழறினாலோ, முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.