அல்வாவை ஏன் திருப்பிப் போட வேண்டும்?

பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

வீரவநல்லூரிலிருந்து ஓர் அம்மா: மகள் 6 ÷ ¼ = 24 என்று சரியாகப் போடுகிறாள். ஆனால், 'வகுத்தால் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடியது?' என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில்: அதட்டி விடாதீர்கள் அம்மா, பிள்ளை கேட்பது நியாயம். 'திருப்பிப் போட்டுப் பெருக்கு' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தது எங்கள் தப்பு.

6 கிலோ அல்வாவைக் கால் கிலோ பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு 4 பொட்டலம், 6 கிலோவுக்கு 24. இதற்குள் அது எத்தனை தடவை அடங்கும் என்பதுதான் வகுத்தல். பொட்டலம் சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை ஏறத்தானே செய்யும்?

அடுத்து முக்கால் கிலோ டப்பா. 6 கிலோவில் 24 கால் இருக்கிறது. ஒரு டப்பாவுக்கு 3 கால் போகும். 24 ÷ 3 = 8 டப்பா. 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தோம், அதாவது 6 × 4/3. ¾ தலைகீழான இடம் இதுதான். அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள்.

மேலப்பாளையம், பத்தாம் வகுப்பு மாணவன்: திருச்செந்தூருக்குப் போகும்போது 40 கி.மீ. வேகம், திரும்பும்போது 60. சராசரி 50 என்று எழுதினேன், விடையை அடித்துவிட்டார்கள்.

பதில்: அடித்தது சரிதான் தம்பி. தூரம் தரவில்லையே என்று திகைக்காதே, எதை வைத்தாலும் விடை மாறாது. 120 கி.மீ. வைத்துக்கொள். (நிஜத்தில் பாதிதான், ஆனால் 120 என்றால் 40, 60 இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும்.) போக 3 மணி, வர 2 மணி. மொத்தம் 240 கி.மீ., 5 மணி. ஆக 48. மெதுவாக ஓடிய நேரம் அதிகம், அதனால் விடை 40 பக்கம் சாய்கிறது. இரண்டு வேகத்திலும் சம நேரம் ஓடியிருந்தால் நீ எழுதிய 50 சரி.

அம்பாசமுத்திரம், ஒரு மாணவி: விலையை 20% ஏற்றி, 20% தள்ளுபடி கொடுத்தால் பழைய விலைதானே?

பதில்: இல்லை. 100 ரூபாய் 120 ஆகும். தள்ளுபடி அந்த 120-இல் 20%, அதாவது 24. மிஞ்சுவது 96. சதவீதத்தைப் பார்த்தால் 'எதில்?' என்று கேள்.

சேரன்மகாதேவி, ஒரு தகப்பனார்: 40-க்கு 54 அடி மனையை 5 சென்ட் என்கிறார் தரகர். சரியா?

பதில்: ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, அதில் நூறில் ஒன்று சென்ட். அப்படியானால் 5 சென்ட் 2,178. உங்கள் மனை 40 × 54 = 2,160. 18 சதுர அடி குறைகிறது. சின்னக் குறைதான், ஆனால் சென்ட் கணக்கில் பணம் கொடுக்கிறவர் கேட்கலாம்.

அதுவும் நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால்தான். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பார்த்துவிட்டு, டேப்பைக் குறுக்கே பிடியுங்கள். பிதாகரஸ் கணக்குப்படி இரண்டு மூலைவிட்டமும் 67 அடி 2 அங்குலத்துக்குச் சற்று மேலே வரவேண்டும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கப் பையனைக் கூட்டிப் போங்கள்.