எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதலாமா?

மனதில் படுவதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கும் பழக்கம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது. பதில்கள் கீழே.

கேள்வி: என் நோட்டில் ஒரு பக்கம் கவிதை, அடுத்த பக்கம் ஆபீஸ் கோபம், அதற்கடுத்து எறும்புகளைப் பற்றிய குறிப்பு. தலைப்பு வாரியாகத் தனித்தனி நோட்டு போடட்டுமா?

வேண்டாம். பிரித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் எந்த நோட்டை எடுப்பது என்று யோசிக்க வேண்டும். அதற்குள் எழுத வந்தது நழுவிவிடும். அதோடு, அடுத்தடுத்து இருப்பதால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். ஆபீஸில் மனம் கசந்த நாட்களில்தான் எறும்பு, மரம், மழை என்று எழுதியிருக்கிறீர்களா என்று புரட்டிப் பாருங்கள். தனித்தனி நோட்டில் அது தெரியாது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் அரசியலும் கப்பல் வந்த செய்தியும் வியாபாரமும் சொந்த விஷயங்களும் கலந்தே வருகின்றன. அவர் என்ன மாதிரி மனிதர் என்று நமக்குத் தெரிவதே அந்தக் கலவையால்தான்.

கேள்வி: சரி, பழைய குறிப்பைத் தேடி எடுப்பது எப்படி?

பக்க எண் போடுங்கள். நோட்டின் கடைசியில் நான்கு பக்கம் காலியாக விட்டு, 'அப்பா - 12, 31', 'எறும்பு - 14' என்று குறித்துக்கொண்டே வாருங்கள். தத்துவவாதி ஜான் லாக் இப்படிப்பட்ட கலவைக் குறிப்பேடுகளுக்கென்றே ஓர் அட்டவணை முறை வகுத்தார். 1686-இல் பிரெஞ்சில் வெளிவந்தது. தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதையடுத்து வரும் முதல் உயிரெழுத்தையும் வைத்துப் பக்கங்களைக் குறிப்பது அவர் வழி. நமக்கு அவ்வளவு தேவையில்லை.

கேள்வி: தினமும் எழுத வேண்டுமா? கையால்தான் எழுத வேண்டுமா?

இரண்டும் கட்டாயமில்லை. தேதியை மட்டும் வருடத்தோடு போடுங்கள். போனில் எழுதுகிறவர்கள் வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திரும்பப் படித்தால் எல்லாம் ஒரே புலம்பலாக இருக்கிறது.

'இன்று மனசே சரியில்லை, யாருக்கும் என்னைப் புரியவில்லை' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது எதைப் பற்றி என்று தெரியாது. நடந்ததை எழுதுங்கள். உதாரணமாக: 'அக்காவுக்குப் போன் செய்தேன். வேலை போனதைச் சொல்ல நினைத்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள். நான் சொல்லவில்லை. வைத்த பிறகும் போன் கையிலேயே இருந்தது.' இதில் வருத்தம் என்ற சொல்லே இல்லை, ஆனால் முழுக்க இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: அக்கா கேட்க மறுக்கவில்லை, நாம்தான் சொல்லவில்லை என்பது எழுதும்போதே தெரிந்துவிடுகிறது. புலம்பலில் அது தெரியாது.

கேள்வி: கஷ்டமான விஷயங்களை எழுதினால் அழுகைதான் அதிகமாகிறது. எழுதுவது நல்லதுதானா?

உடனே அப்படி ஆவது சகஜம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். மனதைப் பாதித்த நிகழ்ச்சியையும் அப்போதைய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்ததும் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ உதவி தேடிப் போனது அவர்களிடம் குறைவு. பின்னால் நடந்த பல ஆய்வுகளில் பலன் சிறிய அளவில்தான் தெரிந்தது. அதனால் இதை மருந்தாக நினைக்க வேண்டாம். பென்னிபேக்கர் பிறகு கவனித்த ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: நாள் போகப்போக 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடினவோ, அவர்களுக்கே பலன் அதிகம். நீங்கள் அதே வரியையே வாரக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள்.

கேள்வி: வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்று பயந்து பொய்யாகவே எழுதுகிறேன்.

பொய் எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல். அந்த ஒரு விஷயத்தை மட்டும் தனித்தாளில் உள்ளது உள்ளபடி எழுதி, படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். நோட்டில் தேதி போட்டு, 'தனியாக எழுதினேன்' என்று ஒரு வரி போதும். அன்று ஏதோ நடந்தது என்பது உங்களுக்கு நினைவு வந்துவிடும்.